தவறான விலை யாருக்கு லாபம்?

ஆசிரியருக்கு,

கடைக்காரர் விலையைத் தவறாகப் போட்டுவிட்டால் அது வாங்குபவரின் அதிர்ஷ்டம் என்று பலர் சாதாரணமாகப் பேசுகிறார்கள். தவறு என்று தெரியாமல் வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. தெரிந்தே அள்ளுவதுதான் சிக்கல்.

2003இல் சிங்கப்பூரில் ஓர் இணையக் கடை, 3,854 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள லேசர் பிரிண்டருக்குத் தவறுதலாக 66 வெள்ளி என்று போட்டுவிட்டது. ஆறு பேர் மொத்தம் 1,606 பிரிண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். (வீட்டுக்கு ஒன்று போதாதா?) கடை தர மறுத்ததும் வழக்குப் போட்டார்கள். தவறு என்று அறிந்தே வாங்கியிருக்கிறார்கள் எனச் சொல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டிலும் தோல்விதான்.

சரி, பெரிய நிறுவனங்கள் நம்மிடம் கூடுதலாகப் பிடுங்குவதில்லையா என்பார்கள். பிடுங்கினால் புகார் கொடுக்கலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்தக் கோபத்தைக் கல்லாவில் இருக்கும் ஊழியரிடம் தீர்த்துக்கொள்வது என்ன நியாயம்? கணக்கு உதைத்தால் அவர் சம்பளத்தில் கைவைக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள்.

சந்தேகம் வந்தால், “இந்த விலை சரிதானா?” என்று ஒருமுறை கேட்டுவிடலாம். ஆமாம் என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

– ஒரு வாசகர்