சால்வை தந்தவர்களுக்கும் உடன் வந்தவர்களுக்கும் எங்கள் நன்றி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஆபரிஜினல் எனப்படும் பூர்வகுடி மக்களின் சமூக நலவாழ்வு நிலையங்களில் பணிபுரியும் சகோதரிகளுக்கும், சால்வைக்குச் சித்திரம் வரைந்த ஓவியர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் அன்பு வணக்கம்.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து மார்பகப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் அரசுத் திட்டமான ப்ரெஸ்ட்ஸ்கிரீன் 1991-இல் தொடங்கியது. கட்டணம் கிடையாது, டாக்டர் சீட்டும் வேண்டாம். 40 வயது ஆன எந்தப் பெண்ணும் வரலாம். 50 முதல் 74 வரை உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அழைப்பே வரும். அப்படியிருந்தும், ஆஸ்திரேலியா முழுவதும் அந்த வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வரும்போது, ஆபரிஜினல், டோரஸ் நீரிணைத் தீவுப் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் வருகிறார்கள். மார்பகப் புற்றுநோய் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது என்றில்லை. வந்தால் பிழைப்பவர்கள் குறைவு. கட்டி பெரிதாகி, அக்குளில் நெறிகட்டிய பிறகு தெரியவருவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த இடைவெளியைக் குறைக்க நீங்கள் செய்யும் வேலை வெளியே அதிகம் தெரிவதில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம்.

முதலில் சால்வை. 2018-இல் விக்டோரிய ஆபரிஜினல் ஹெல்த் சர்வீஸோடு சேர்ந்து ப்ரெஸ்ட்ஸ்கிரீன் விக்டோரியா சோதித்துப் பார்த்து, பிறகு மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோன ஏற்பாடு. மேமோகிராம் எடுக்கும்போது ஆஸ்பத்திரி கவுனுக்குப் பதில், ஆபரிஜினல் ஓவியர் வரைந்த சித்திரம் அச்சிட்ட சால்வை. முடிந்ததும் அதை அந்தப் பெண்ணே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பார்ப்பவர்களுக்கு அது அழகான பரிசாகத் தோன்றும். படம் எடுக்கிற எங்களுக்கு அது வேலைக்கே உதவுகிறது. ஒரு மார்புக்கு இரண்டு கோணம், ஆக நான்கு படம். சாய்கோணப் படத்தில் நெஞ்சுத் தசை முலைக்காம்பின் மட்டம் வரை இறங்கித் தெரிய வேண்டும், மார்பின் அடிமடிப்பு விரிந்திருக்க வேண்டும். இடுப்புக்கு மேல் மறைப்பில்லாமல் முன்பின் தெரியாதவர் முன்னால் நிற்கும் பெண் தோளைக் குறுக்கிக்கொள்வாள். தோள் இறுகினால் தசையும் இறுகும். மார்பை முன்னால் கொண்டுவந்து கருவியின் தட்டில் வைக்க முடியாது. நெஞ்சுக்கூட்டை ஒட்டிய பின்பகுதி படத்துக்கு வெளியே போய்விடும். கட்டி அங்கே இருந்தால் யார் கண்ணிலும் படாது.

சால்வை முதுகையும் மறுபக்கத்தையும் மூடியிருக்கும்போது ஒரு பக்கத்தை மட்டும் விலக்கினால் போதும். தோள் தளர்கிறது, கை கைப்பிடியில் இயல்பாக நிற்கிறது. கருவி மார்பை அழுத்தும் பத்து விநாடியில் அசைவு குறைவதால், படம் கலங்கி மறுபடி எடுக்க வேண்டிய நிலையும் குறைகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: துணி மடிப்பு தட்டுக்குள் வந்தால் படத்தில் நிழல் விழும். விலக்கிய முனையை எதிர்த் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும்படி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து அனுப்புகிறீர்களே, அதற்குத் தனி நன்றி.

முதல்நாள் போன் செய்து நினைவூட்டும் சகோதரிகளுக்கு அடுத்த நன்றி. பாவாடையோ பேன்ட்டோ சட்டையோடு வாருங்கள், டியோடரண்டும் பவுடரும் வேண்டாம் என்று நீங்கள் சொல்வது சின்ன விஷயமல்ல. டியோடரண்டில் உள்ள அலுமினியத் துகள் படத்தில் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். தொடக்கநிலைப் புற்றும் சிலருக்கு அதே போன்ற சுண்ணாம்புப் பொட்டுகளாகத்தான் தெரியும். கட்டி தட்டுப்பட்டாலோ காம்பில் இரத்தம் கசிந்தாலோ எங்கள் நடமாடும் பரிசோதனை வண்டிக்காகக் காத்திருக்க விடாமல் நேரே டாக்டரிடம் அனுப்புகிறீர்கள். அது மிகச் சரி. எங்கள் பரிசோதனை அறிகுறி இல்லாதவர்களுக்கானது.

ஊரில் துக்கம் என்றால் யாரும் வர மாட்டார்கள், வரவும் கூடாது. அந்த நாளை ‘வரவில்லை’ என்று பதிவு செய்யாமல் வேறு நாளுக்கு மாற்றும்படி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். வீடு மாறிய பெண்ணுக்குப் பழைய முகவரிக்குப் போன அழைப்புக் கடிதம் கையில் கிடைப்பதும் உங்களால்தான்.

ஆனால் எங்கள் நன்றியில் பெரும்பங்கு மறு அழைப்பின்போது உடன் வருபவர்களுக்கே. இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படம் பார்ப்பார்கள். கருத்து வேறுபட்டால் மூன்றாமவர். சந்தேகம் இருந்தால் மறுபடி அழைத்துக் கூடுதல் படம், அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசி வைத்துத் திசு எடுப்பது. முதன்முறை வருபவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்த அழைப்பு போகும், காரணம் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லை. அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்று இருக்காது. கடிதம் இதையெல்லாம் சொன்னாலும், படித்தவுடன் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். மெல்பர்ன் வரை காரில் கூட்டிவந்து, டாக்டர் சொல்வதைக் கூடவே இருந்து கேட்டு, மாலையில் வீட்டில் கொண்டுபோய் விடுகிறீர்கள். பரிசோதனை உயிர் காக்கிறது என்றால் அது இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்குத்தான்.

நீனா, மார்ஜரி என்ற எங்கள் நடமாடும் பரிசோதனை வண்டிகள் நிற்க மேடுபள்ளமில்லாத இடமும் மின்இணைப்பும் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி. பயணத்துக்குப் பிறகு மார்புக்குப் பதிலாக ஒரு சோதனை மாதிரியை வைத்துக் கருவியைச் சரிபார்க்காமல் யாருக்கும் படம் எடுப்பதில்லை. அதற்கான நேரத்தைப் பொறுமையாக விட்டுத் தந்தீர்கள்.

அடுத்த சுற்றுக்கான தேதிகள் முடிவானதும் முதலில் உங்களுக்கே அனுப்புகிறோம். எல்லோரும் சேர்ந்து வருவதற்கான நாளை நீங்களே குறியுங்கள். அன்று வேறு யாருக்கும் நேரம் ஒதுக்க மாட்டோம்.

நன்றியுடன்,
விக்டோரியாவில் மேமோகிராம் பணியிலுள்ள தமிழ்ப் பெண்கள்