சுவரை உடைக்கும் முன்

ஆசிரியருக்கு,

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு ஹாலைப் பின்பக்கம் 8 அடி நீட்ட வெளிச்சுவரை எடுத்துவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார், "வெறும் சுவர்தானே சார்" என்று. பூச்சைக் கொத்தினால் செங்கல் இல்லை, கான்கிரீட். உள்ளே கட்டைவிரல் பருமனில் கம்பி. மாடியின் எடை அதன்மேல்தான் இறங்குகிறது.

அப்புறம் பொறியாளர் வந்து பார்த்து, தளத்துக்கு முட்டுக் கொடுத்து, மேலே இரும்பு பீம் ஏற்றிய பிறகே சுவரைத் துண்டு துண்டாக அறுக்க வேண்டும், சம்மட்டியால் அடித்தால் அதிர்விலேயே விரிசல் விடும் என்றார்.

2019 கட்டட விதிகளின்படி பின்பக்கம் விடவேண்டிய காலியிடம் வேறு இருக்கிறது. அனுமதி தரும்போதே, எந்தச் சுவர் எடை தாங்குகிறது என்று பொறியாளரிடம் எழுதி வாங்கும்படி மாநகராட்சி கட்டாயமாகக் கேட்டால் என்ன?

— ஒரு வாசகர், சென்னை