திருநாடு எந்தத் தாலுகா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கும்பகோணம் கோயில்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை என் கண்ணாடி மேல்தான் சந்தேகம் வந்தது. "திருவிண்ணகர் என்றால் விண் நகர், அதாவது சொர்க்கபுரி. பொன்மயமான உலகம் என்பதால் சொர்ணத்திலிருந்து சொர்க்கம் வந்தது. சொர்க்கம், வைகுண்டம், மோட்சம், வீடு எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள்." மூன்று வாக்கியம், மூன்று தப்பு. இதைவிடச் சிக்கனமாக எழுத முடியாது.

விண்ணகரம் என்பது விஷ்ணு கிருகம் என்பதன் தமிழ் வடிவம். பெருமாள் கோயில் என்று பொருள், அவ்வளவுதான். இதில் ஆகாயமும் இல்லை, நகரமும் இல்லை. கல்வெட்டு படித்த தங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பிலியப்பன் கோயில் திருவிண்ணகர், நாதன்கோயில் நந்திபுர விண்ணகரம், சீர்காழியில் காழிச்சீராம விண்ணகரம், திருநாங்கூரில் அரிமேய விண்ணகரம், வைகுந்த விண்ணகரம் என்று நம் பக்கத்திலேயே ஐந்து இருக்கின்றன. காஞ்சிபுரத்தில் உள்ளது பரமேச்சுர விண்ணகரம். பல்லவ ராஜா பெயரில் எழுந்த கோயில். விண்ணகரம் சொர்க்கபுரி என்றால் அது அந்த ராஜாவின் சொந்த சொர்க்கமா? வைகுந்த விண்ணகரத்தை என்ன செய்வது? 'வைகுண்ட சொர்க்கபுரி' என்றா? நடு சென்டர் என்கிற மாதிரி இருக்கிறது.

அடுத்தது சொர்ணம். வடமொழியில் 'ஸ்வர்' என்றால் ஒளி, வெளிச்சம் நிறைந்த வானம். அங்கே போய்ச் சேர்வது ஸ்வர்க்கம். தமிழ்ச் சொல்லின் முதலில் மெய்யெழுத்து நிற்காது. ஆகவே ஓர் உகரம் ஏறி சுவர்க்கம் ஆயிற்று. பேச்சில் 'சுவ' சுருங்கிச் சொர்க்கம் ஆயிற்று. சொப்பனம், சொரூபம் எல்லாம் இதே வழியில் வந்தவைதான். சொர்ணமும் அந்த வழிதான் வந்தது, ஆனால் அதன் பிறப்பு வேறு: சு, வர்ணம்; நல்ல நிறம். ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதால் இருவரும் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள்.

இதெல்லாம் போகட்டும். "ஒரே பொருள் தரும் சொற்கள்" என்ற இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. என் தொழில் அச்சகம். கல்யாணப் பத்திரிகையில் ஓர் எழுத்து தப்பினால் மன்னித்து விடுவார்கள். கருமாதிப் பத்திரிகையில் ஒரு சொல் தப்பினால் கட்டு முழுவதையும் திரும்ப அடித்துக் கொடுக்க வேண்டும், மை காகிதம் நம் செலவு. சொர்க்கம் ஒன்றல்ல என்பது எங்களுக்குச் செலவு செய்து தெரிந்த விஷயம்.

வைஷ்ணவர் வீட்டுக்கு 'ஆசார்யன் திருவடி அடைந்தார்', 'பரமபதித்தார்', பெரியவர்களுக்கு 'திருநாடு அலங்கரித்தார்'. பரமபதம், திருநாடு இரண்டும் வைகுண்டம்தான். அங்கே சொர்க்கம் என்று போட்டால் சண்டைக்கு வருவார்கள், வரவேண்டும். சொர்க்கம் இந்திரனுடையது. புண்ணியம் இருக்கிற வரைக்கும் வாசம்; தீர்ந்தால் பூமிக்குத் திரும்ப வேண்டும் என்று கீதை ஒன்பதாம் அத்தியாயமே சொல்கிறது. லாட்ஜ் மாதிரி, பணம் முடிந்தால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். பரமபதம் போனவர் திரும்புவதில்லை. இந்த உலகத்துக்கும் அதற்கும் இடையில் எல்லையாக விரஜா நதி. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று உற்சவர் நம்பெருமாள் பரமபத வாசலுக்கு முன்னால் விரஜாநதி மண்டபத்தில் நிற்பது எதற்காக? ஜனங்கள் அதைச் சொர்க்க வாசல் என்று சொல்வது பேச்சு வழக்கு, அதில் நான் குற்றம் பார்க்கவில்லை. விளக்கம் எழுத உட்கார்ந்தவரும் அப்படியே எழுதினால்?

மார்கழியில் தங்கள் நிருபர் சாரங்கபாணி கோயிலிலும் சொர்க்க வாசலைத் திறந்துவிட்டார். அங்கே அப்படித் தனி வாசலே கிடையாது. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். அந்த வழியாக நுழைவதே பரமபதம் என்பது நம்பிக்கை. அப்போதே ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை.

சைவர்களுக்கு 'சிவலோகப் பதவி', 'இறைவனடி சேர்ந்தார்'. சித்தாந்தம் தெரிந்த குடும்பம் என்றால் இதிலும் கணக்குப் பார்ப்பார்கள். சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்று நான்கு படி. சிவலோகத்தில் இருப்பது முதல் படிதான், சிவனோடு கலப்பது கடைசி. சைவ மடத் தலைவர்களான ஆதீனகர்த்தர்களுக்கு அதனால்தான் 'பரிபூரணம் எய்தினார்' என்று போடுகிறார்கள். நாகூர், கூத்தாநல்லூர் முஸ்லிம் வீட்டு அறிவிப்புகளில் 'தாருல் ஃபனாவை விட்டு தாருல் பகாவை அடைந்துவிட்டார்கள்' என்று வரும். அழியும் வீட்டிலிருந்து நிலைத்த வீட்டுக்கு. கவனியுங்கள், சுவனம், அதாவது அவர்கள் சொல்லும் சொர்க்கம், போனார் என்று இல்லை. அது அல்லாஹ்வின் தீர்ப்பு, நாம் அச்சடித்துக் கொடுக்க முடியாது. சுவனம் துஆவில், அதாவது பிரார்த்தனையில்தான் வரும். தரங்கம்பாடி பக்கம் கிறிஸ்தவர்களுக்கு 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. அவர்கள் ஜெபத்தில் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று பன்மையில் இருக்கிறதே, அது கிரேக்க மூலத்தின் பன்மை. புரூஃப் பார்ப்பவர் 'பரமண்டலத்தில்' என்று திருத்தினால் திருத்தம் அல்ல. பெரியார் தொண்டர் வீட்டுக்கு 'இயற்கை எய்தினார்', படத்திறப்பு. அந்த வீட்டு விளம்பரத்தில் தங்கள் ஏடு 'அமரர்' என்று சேர்த்ததே, நினைவிருக்கிறதா? அமரர் என்றால் சாகாதவர். தேவர்களுக்குரிய பெயர்.

நான் எழுதிக் கொடுத்த 'திருநாடு அலங்கரித்தார்' விளம்பரத்துக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சார், திருநாடு எந்தத் தாலுகா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கேட்டதற்கு நன்றி. சொன்ன பிறகும் 'சொர்க்கம் அடைந்தார்' என்று வந்தது.

'வீடு' பற்றி ஒரு வரி. விடு என்பது நீண்டு வீடு ஆனது. கெடு கேடு, பெறு பேறு மாதிரி, முதனிலை திரிந்த தொழிற்பெயர். பொருள் விடுதலை. போகிற இடமே அல்ல, கட்டு அவிழ்வது. இதைச் சொர்க்கத்தோடு சேர்த்தவர் பத்தாம் வகுப்பு இலக்கணத்தை எந்த ஆசிரியரிடம் விட்டார் என்று தெரியவில்லை.

வானம் என்ற சொல்லையாவது விட்டு வைத்திருக்கலாம். அதற்கும் ஒரு பெட்டிச் செய்தி, "வான் என்றால் சொர்க்கம் மட்டுமே" என்று. 'வான்பொய்ப்பினும் தான்பொய்யா' காவிரி என்று பட்டினப்பாலை சொல்லும்போது சொர்க்கமா பொய்த்தது? மழை ஐயா, மழை. இங்கிலீஷ் 'ஹெவன்' கூட முதலில் ஆகாயத்தைத்தான் குறித்தது. 'ஸ்கை' நார்ஸ் மொழியில் மேகம். அதே பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துத் துறையைத் 'துறக்கம் ஏய்க்கும்' என்கிறது. துறக்கம் என்பது சொர்க்கத்துக்குப் பழந்தமிழ்ச் சொல். ஏய்க்கும் என்றால் ஒக்கும். இன்றைய ஏய்ப்பு இல்லை. இவ்வளவு நல்ல சான்று ஐம்பது மைலுக்குள் இருக்க, கட்டுரையாளர் சொர்ணத்தைத் தேடிப் போயிருக்கிறார்.

போன வருடம் "டெல்டா, பூலோக சொர்க்கம்" என்று ரிசார்ட் விளம்பரம் முழுப்பக்கம். ஜூன் 12 வந்தால் மேட்டூர் திறக்குமா, கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா என்பது உள்ளே நாலாம் பக்கத்தில் விரல் அகலம். அதையும் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த ஞாயிறு இணைப்பில் விண்ணகரத்துக்கு இரண்டு வரித் திருத்தம். நீத்தார் விளம்பரத்தில் வீட்டார் எழுதிக் கொடுத்த சொல்லை எழுத்து மாறாமல் போடுங்கள். புரியாவிட்டால் கேளுங்கள், கேட்ட பிறகு பதிலைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அச்சகத்துக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.

பின்குறிப்பு: கட்டுரைத் தலைப்பில் 'சொர்கம்' என்று இருந்தது. வர்க்கம், மார்க்கம், தர்க்கம் மாதிரி இதற்கும் ஒரு 'க்' உண்டு. அதற்குத் தனித் திருத்தம் வேண்டாம். மேலே சொன்ன இரண்டு வரியிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.