பாப்பாவுக்கு, பாட்டெல்லாம் கேட்டபின்

பாப்பா,

வருகிற வியாழனோடு ஆயா போய் ஒரு வருஷம். உன் ஆல்பத்தை வந்த அன்றைக்கே கேட்டுவிட்டேன். இன்னும் கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னது பொய்.

கிடாரும் உன் குரலும், அவ்வளவுதான். மூணாவது பாட்டில் நீ மூச்சு இழுப்பதுகூடக் காதோரம் கேட்கிறது. நடுவில் நம் வீட்டு பிரிட்ஜ் உறுமி அடங்குகிறது. அதை வெட்டாமல் விட்டாயே, அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நாலாவது பாட்டு ஆயாவுடையது. அதை இப்படியா முணுமுணுப்பது? காசிமேட்டில் கூடையை இறக்கிவிட்டு அவள் கூவினால் ஏலக்காரர் வாயை மூடிக்கொள்வார். ‘பாரம்பரிய மெட்டு’ என்று போட்டிருக்கிறாய். உன் பாரம்பரியத்துக்கு ரேஷன் கார்டு இருந்தது, அதில் பேரும் இருந்தது.

சரி, ஆயா போன அந்த ராத்திரி. மணி ரெண்டு இருக்கும். கானா பாடினவர் டீ குடிக்க எழுந்தார். புல்புல்தாராக்காரர் சும்மா கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். நீ போய் மைக்கை எடுத்தாய். ஒரே ஒரு வரி. நான் ஒயரைப் பிடுங்கினேன். ஸ்பீக்கர் ‘டப்’ என்றது. மைக் செத்தது தெரியாமல் நீ இன்னும் ரெண்டு வார்த்தை பாடினாய். டோலக் மட்டும் கூடவே வந்து, அப்புறம் நின்றது.

தப்புதான். சாவு வீட்டில் பொம்பளைப் பிள்ளை மைக் பிடிப்பதா என்று பெரியப்பா கேட்டார். அன்றைய செலவு யார் பணம் என்பதை இங்கே எழுத முடியாது, நம் தெருவே இதைப் படிக்கும். உனக்குத்தான் தெரியுமே.

மீன்பிடித் தடைக்காலத்தில் பதிவு செய்தாயாம், ஊர் அமைதியாக இருந்ததாம், பேட்டியில் சொல்கிறாய். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடாது, லாரி வராது. உனக்கு நல்ல சவுண்டு. எனக்கு அது கடன், பாப்பா. நீ பாடுகிறாய் என்று வேலையில்லாத அந்த ரெண்டு மாசமும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். அதை நீ கவனித்தாயா என்றுகூடத் தெரியாது.

வியாழக்கிழமை படையலுக்கு வந்துவிடு. மைக் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. பெரியப்பாவும் வருகிறார், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அண்ணன்