பாப்பா அந்த மாணவி வீட்டிலேயே தங்கட்டும், சித்தி

அன்புள்ள சித்திக்கு,

நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம். இங்கே அமெரிக்காவில் பிள்ளைகளை மருத்துவப் படிப்புக்கு அனுப்பும் பல அம்மாக்கள் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

"மருத்துவக் கல்லூரி இன்டர்வியூவுக்குப் போகிற என் மகள், முன்பின் தெரியாத ஒரு பெண் வீட்டில் எதற்காக ராத்திரி தங்கணும்? ஹோட்டலுக்குப் பணம் இல்லையா, அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர்கள் இல்லையா?" என்றீர்கள். நியாயமான கவலைதான்.

நம் ஊரில் நீட் மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு என்று விஷயம் முடிந்துவிடும். சீட் கொடுப்பதற்கு முன்னால் யாரும் பிள்ளையை உட்கார வைத்துப் பேசிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் எம்கேட் என்கிற மருத்துவ நுழைவுத் தேர்வில் 528க்கு 528 வாங்கினாலும் இன்டர்வியூ இல்லாமல் இடம் கிடையாது. ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை இது நடக்கும். 2020க்கு முன்பு எல்லோரும் ஊர் ஊராக விமானம் ஏறினார்கள். விமானக் கட்டணம், ஹோட்டல், டாக்ஸி என்று செலவு எகிறும். அதற்காகவே பல கல்லூரிகளில், இன்டர்வியூவுக்கு வருபவர்களை அங்கே படிக்கும் மாணவர்கள் தங்கள் வீட்டில் இலவசமாகத் தங்க வைக்கும் ஏற்பாடு இருந்தது. கொரோனா வந்ததும் எல்லாம் ஜூமுக்குப் போனது. இன்னமும் நிறைய கல்லூரிகள் ஜூமிலேயே நடத்துகின்றன. சில கல்லூரிகள் மறுபடி நேரில் வரச் சொல்கின்றன. பாப்பாவுக்கு வந்திருப்பது அப்படி ஒன்று.

அந்தப் பெண் யாரோ எவரோ இல்லை, சித்தி. அதே கல்லூரியில் முதல் வருடமோ இரண்டாம் வருடமோ படிக்கிறவள். தங்க வைக்கிறேன் என்று தானாக முன்வந்து பெயர் கொடுத்திருப்பாள். இதற்கு அவளுக்குச் சம்பளம் எதுவும் கிடையாது. நான் படித்தபோது நானும் பல பிள்ளைகளைத் தங்க வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் என்னைத் தங்க வைத்தார்கள், அதனால் நான் செய்தேன், அவ்வளவுதான். பெண் மாணவியின் வீடுதான் வேண்டும், பூனை நாய் ஒத்துக்கொள்ளாது, சைவம் என்று எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். அதைப் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள்.

ஆனால் பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. இன்டர்வியூ அன்று கல்லூரி தன் நல்ல முகத்தைத்தான் காட்டும். புதுக் கட்டடம், சிமுலேஷன் லேப், சிரித்த முகத்தோடு டீன். அங்கே நான்கு வருடம் வாழ்வது எப்படி இருக்கும் என்பது முந்தின ராத்திரி அந்த மாணவியின் சமையலறையில்தான் தெரியும்.

நான் தங்கிய ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலை மூன்று நிற மார்க்கரில் வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொருவர் கையெழுத்து. வீட்டில் இருந்த மூன்று பேரும் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு கிளையை அழித்துவிடுவார்களாம். அடுத்து வருபவர் அதை நினைவிலிருந்து வரைந்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும். அந்த வாரம் அவர்களுக்கு அனாடமி பரீட்சை. அப்படியும் பருப்பு வேகவைத்து, எனக்கும் ஒரு தட்டு வைத்து, சீனியர்கள் விட்டுப்போன நோட்ஸ் எல்லாம் எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள். இந்தக் கல்லூரியில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கைவிட மாட்டார்கள் என்று எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. வேறோர் ஊரில் தங்க வைத்த மாணவி நல்லவள்தான். ஆனால் "உங்கள் வகுப்பில் சேர்ந்து படிப்பீர்களா?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அந்த மௌனமும் எனக்கு ஒரு பதிலாகத்தான் பட்டது.

பாப்பா கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. முதல் இரண்டு வருடம் பாஸ், ஃபெயில் மட்டும்தானா, அல்லது உள்ளுக்குள் ரேங்க் போடுகிறார்களா? லைசென்ஸ் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1, 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் ஆகிவிட்டது. அதனால் படிப்பு முடிந்து மேல்பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது, கல்லூரிக்குள் போடும் ரேங்குக்கு இப்போது முன்னைவிட மதிப்பு கூடியிருக்கிறது. விடியற்காலை ஆஸ்பத்திரிக்கு பஸ் உண்டா, கார் கட்டாயம் வேண்டுமா? ஒரு மாணவிக்கு உடம்போ மனசோ சரியில்லாமல் போனபோது கல்லூரி என்ன செய்தது?

முக்கியமாகப் பணத்தைப் பற்றி. வாடகை எவ்வளவு, வாங்குகிற கடனில் மாதம் தள்ளுகிறதா என்று கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். இங்கே கடன் வாங்கிப் படித்து முடிக்கிறவர்களுக்கு 2 லட்சம் டாலர் கடன் என்பது சாதாரணம். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலையிலிருந்து புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசு கொடுக்கும் கடன் வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். மிச்சத்துக்குத் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டியிருக்கும். அந்த ஊரில் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு மாணவி சொல்லும் வாடகைக் கணக்கு, எந்தக் கையேட்டையும்விட நம்பகமானது.

தெரிந்தவர்கள் வீடு என்றீர்களே, அந்த மாமாவும் மாமியும் பாசத்தில் குறை வைக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வீடு கல்லூரியிலிருந்து 40 மைல். குளிர்காலத்தில் பனி கொட்டினால் காலை ஏழரைக்குப் போய்ச் சேர முடியுமா என்று மாமா ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டார். மாமி பதினோரு மணி வரை தோசை வார்த்துக்கொண்டு, எந்தெந்தக் கல்லூரியில் கூப்பிட்டார்கள் என்று விசாரிப்பார். பாப்பாவுக்கு அந்த நேரத்தில் தேவை தூக்கம், அப்புறம் அந்தக் கல்லூரிப் பிள்ளை ஒருத்தியின் பேச்சு. இன்டர்வியூ முடிந்த சாயங்காலம் மாமா வீட்டுக்குப் போகட்டும். அப்போது நிம்மதியாகச் சாப்பிடலாம்.

பாதுகாப்புக்கு நான் சொல்வது இவைதான். ஹோஸ்டின், அதாவது தங்க வைக்கும் மாணவியின், மெயில் கல்லூரி முகவரியிலிருந்து வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு விலாசம் உங்களிடமும் என்னிடமும் இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு ஹோட்டலின் பெயரை போனில் வைத்திருக்கட்டும். போய்ப் பார்த்து மனசுக்கு ஒப்பவில்லை என்றால், ராத்திரி எத்தனை மணியானாலும் "மன்னித்துக்கொள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

படுக்கை பெரும்பாலும் சோபாவாகவோ காற்றடைக்கும் மெத்தையாகவோ இருக்கும். ஒரு போர்வை எடுத்துப் போகட்டும். கோட்டு சூட்டைக் கையில் எடுத்துப் போகும் பையிலேயே வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம். மாணவர்கள் வீட்டில் அயர்ன் பாக்ஸ் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. இன்னொன்று, தங்க வைக்கும் மாணவிக்கு அட்மிஷனில் பொதுவாக ஓட்டு கிடையாது. அதற்காக மரியாதைக் குறைவாக நடந்துகொண்டால் அது அலுவலகத்தின் காதுக்குப் போகாது என்று நினைக்க வேண்டாம். ராத்திரி உணவை எதிர்பார்க்காமல் போவது, அவள் படிக்க உட்கார்ந்தால் பேச்சை நிறுத்துவது, காலையில் போர்வையை மடித்து வைப்பது, இவை பாப்பாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் வளர்த்த பிள்ளை.

முறுக்கு அனுப்புகிறேன் என்றீர்கள். தாராளமாக அனுப்புங்கள். வேர்க்கடலை எண்ணெயில் மட்டும் சுட வேண்டாம், இங்கே பலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. அந்தப் பெண்ணுக்கு எள் ஆகுமா என்று பாப்பாவை முதலில் ஒரு வரி கேட்டுவிடச் சொல்லுங்கள். ஹோஸ்டின் மெயில் வந்ததும் எனக்கும் அனுப்பட்டும், நான் பார்த்துச் சொல்கிறேன். சித்தப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்