நியூமனைப் பற்றி உனக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அறுவை சிகிச்சை முடிந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே சின்னவளுக்கு மாற்றல் கிடைத்து ஊருக்கே வந்துவிட்டாள்.

துறைமுகத்திலேயே காலம் தள்ளியவன் நீ. அதனால்தான் சார்லஸ் நியூமனைப் பற்றி உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. பிரிட்டிஷ் கமாண்டோ லெப்டினன்ட் கர்னல். முழுநேரச் சிப்பாயாக வளர்ந்தவர் இல்லை. கட்டுமான ஒப்பந்தத் தொழில் செய்துகொண்டே பகுதிநேரப் படையில் இருந்தவர்.

பிரான்சில் செயின்ட் நசேர் துறைமுகம். ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பல் நுழையும் அளவுக்கு அட்லாண்டிக் கரையில் இருந்த உலர்துறை, கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடி, நீரை இறைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் இடம், அங்கே இருந்த ஒன்றுதான். 1942 மார்ச் 28, அதிகாலை 1.34க்கு காம்பெல்டவுன் என்ற பழைய நாசகாரிக் கப்பலை அதன் கதவில் கொண்டுபோய் மோதினார்கள். முகப்பில் 4 டன்னுக்கு மேல் வெடிமருந்து. கமாண்டோக்கள் இறங்கி பம்ப் அறையையும், கதவை இழுக்கும் எந்திரங்களையும் தகர்த்தார்கள். எதைத் தகர்த்தால் துறை முடங்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நியூமன் கரையில் இறங்கியிருக்கவே வேண்டாம். ஆனாலும் முதலில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். திரும்பிப் போக வேண்டிய படகுகளோ ஆற்றில் எரிந்துகொண்டிருந்தன. மிச்சமிருந்தவர்களைத் திரட்டி, தோட்டா தீரும்வரை சரணடையக் கூடாது என்று சொல்லி, ஊருக்குள் சண்டையிட்டபடியே போனார். கடைசியில் ஒரு நிலவறையில், காயம்பட்டவர்களோடு பிடிபட்டார். பகல் ஏறியதும் கப்பல் வெடித்தது. போர் முடியும்வரை அந்தத் துறை உதவவில்லை. பிரிட்டிஷ் தரப்பில் 169 பேர் உயிரிழந்தார்கள்.

என்னை உலுக்கியது அடுத்து நடந்தது. தப்பிப் போன ஒரு படகை ஜெர்மன் கப்பல் மறித்தபோது, சார்ஜன்ட் டரன்ட் உடம்பெல்லாம் குண்டுபட்டும் துப்பாக்கியை விடாமல் சுட்டு, பிறகு உயிர்விட்டார். எதிரிக் கப்பலின் தலைவரே சிறைமுகாமுக்கு வந்து, அவருக்குப் பெரிய விருது கேளுங்கள் என்று நியூமனிடம் சொன்னார். அதை நியூமன் மனதில் வைத்திருந்து, 1945இல் விடுதலையானதும் பரிந்துரைத்தார். டரன்டுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது, நியூமனுக்கும்தான். பிடிபட்டுக் கிடந்த காலத்திலும் தன் ஆளை மறக்காத அந்தக் குணத்துக்காகவே இவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவ்வளவு பெரிய கதவு போனால் புதிதாகச் செய்து மாட்ட எவ்வளவு காலம் பிடிக்கும்? உன் அனுபவத்தை வைத்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்