இலங்கை மேடையை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு,

ஞாயிறு இதழில் கே.பி.சுந்தராம்பாளைப் பற்றி எழுதியது சந்தோஷம், ஆனால் ஔவையார் வேடத்தை மட்டும் பேசி முடித்துவிட்டீர்களே. கொடுமுடியில் பிறந்து, வறுமையில் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி, பிறகு நாடகம் நடிக்கக் கடல் கடந்து இங்கே வந்தவர், பிறகு தன் கணவரான நாடகப் பாடகர் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்ததும் இலங்கை மேடையில்தான். அதை விட்டால் எப்படி? 1933இல் கிட்டப்பா காலமான பிறகு வெள்ளைச் சேலையோடு ஒதுங்கியிருந்தவரை ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்குக் கூப்பிட்டார்கள், அதுவும் ஆண் வேடத்துக்கு! கோயில் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் கேட்டால் எங்கள் அம்மம்மா அடுப்பில் கறி இருப்பதையே மறந்துவிடுவார். சரி, அடுத்த வாரமாவது அவருடைய இலங்கை நாட்களைப் போடுங்கள்.

வாசகர்,
உவர்மலை, திருகோணமலை